காத்திருக்கும் வீடுகள்

இலங்கைத் தீவின் வடமேற்கே, பெருநிலத்தினின்றும் விலகிக் கடலுள் நீண்டு கிடப்பது மன்னார்த் தீவு. அதன் மேற்கு முனையிலுள்ள ஊர் தலைமன்னார். அவ்வூருக்கு அப்பால் நிலம் மணல் திட்டுகளாகச் சிதறி, தமிழ்நாட்டுக் கரையை நோக்கிச் செல்கின்றது. பழைய இறங்குதுறை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது. ஆனால் அங்கே பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் வந்து பல்லாண்டுகள் ஆயின.

1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. சென்னையிற் புகையிரதம் ஏறியவர் இக்கடலைக் கப்பலிற் கடந்து, மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்பு சேர்ந்தார். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா சாத்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. இந்திய வம்சாவளியினருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென அதில் முடிவாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரிலேயே பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடியபோது, மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல இத்துறையில் நின்றே இலங்கைக்கு விடைகூறின. தாய் ஒரு நாட்டுக்கும் மகள் ஒரு நாட்டுக்கும் உரியராகப் பிரிந்த குடும்பங்களும் அவற்றுள் இருந்தன.

எண்பதுகளிற் போர் மூண்டது, கப்பல் நின்றது. கப்பல் சென்ற கடலிலே படகுகள் இரவில் அகதிகளைக் கொண்டு சென்றன. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் ஊர்களை விட்டு நீங்கினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்களுட் பலர் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். அவ்வாண்டே புகையிரதமும் நின்றது. 2015 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் நாளிலேதான் தலைமன்னாருக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் மறுபடியும் படகேறின. அவ்வாண்டு மார்ச்சு மாதம் மணல் திட்டு ஒன்றிலே இறக்கிவிடப்பட்டுத் தவித்த ஒரு குடும்பத்தை இந்தியக் கரையோரக் காவற்படை மீட்ட செய்தி உலகெங்கும் பரவியது.

இவ்வாறு அவ்வூரின் நூறாண்டு வரலாறு, வழியனுப்புவதும் வழிபார்ப்பதுமாகவே அமைந்தது. சென்றவர்களைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். வீட்டிலிருந்து வழிபார்த்தவர்களைப் பற்றிப் பேசினோர் மிகச் சிலர். அவ்வீடுகளின் மனத்துயர் எத்தகையது, அவற்றுக்கு உதவச் செல்லும் சமூகப்பணியாளர் எவ்வாறு செல்லவேண்டும் என்பவை இங்கே சிந்திக்கத் தக்கன.

இறந்தவரை இழந்த துயரம் எல்லாச் சமுதாயங்களும் அறிந்தது. அதற்கு வழிமுறைகளும் உண்டு. உடலைக் காண்கின்றோம், அடக்கம் செய்கின்றோம் அல்லது எரியூட்டுகின்றோம். ஊர் கூடி அழுகின்றது. நாள் எண்ணிக் கிரியை நடக்கின்றது. ஆண்டு திரும்பும்போது அழுகை ஓரளவு தணிகின்றது. ஆனால் சென்றவன் இறந்தானா இருக்கின்றானா என்பதே தெரியாதிருப்பின் என்ன செய்வது?

இத்துயருக்கு அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் ஒரு பெயர் இட்டார். வியட்நாம் போரிற் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களை எழுபதுகளில் ஆராய்ந்த அவர், இதனைத் தெளிவற்ற இழப்பு என்றார். அவர் காட்டிய வகைகள் இரண்டு. ஒருவர் உடலால் இல்லாதிருந்தும் குடும்பத்தின் உள்ளத்தில் நீங்காது இருத்தல் ஒன்று. உடலால் வீட்டில் இருந்தும் மனத்தால் இல்லாதவராதல் மற்றொன்று. காணாமற்போன மகன் முதல்வகை. மதுவில் மூழ்கிய தந்தையும், கடும் மனநோயால் தன்னை மறந்த சகோதரனும் இரண்டாம் வகை. வறுமையும் போரும் வந்துபோன ஊர்களில் இவ்விருவகை இழப்பும் ஒரே கூரையின் கீழ்க் காணப்படுதல் அரிதன்று.

எமது நாட்டில் இவ்வாறு காத்திருப்போர் சிலரல்லர். 1990 ஆம் ஆண்டு முதற்கொண்டு சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் காணாமற்போனோராகப் பதிவு செய்யப்பட்டோர் 16,000 பேருக்கு மேற்படுவர். அவர்களுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் படையினரும் பொலிசாருமாவர். தலைமன்னாரில் ஒரு தாய் திண்ணையில் இருந்து வழிபார்க்கையில், தென்னிலங்கைச் சிற்றூர் ஒன்றிலும் ஒரு தாய் அவ்வாறே வழிபார்க்கின்றாள் என்பதை மறத்தலாகாது. இவர்களன்றி, கடற்றொழிலுக்குச் சென்று மீளாதவரின் குடும்பங்களும் கரையோர ஊர்களில் உள்ளன. கடல் தான் கொண்டவரின் உடலை எப்போதும் திருப்பித் தருவதில்லை.

இத்துயரின் கொடுமை, சமயக் கடமைகளில் மிகத் தெளிவாகத் தோன்றும். மன்னார்க் கரையிலே கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அயலவராக வாழ்கின்றனர். கத்தோலிக்கத் தாய்க்கு நவம்பர் இரண்டாம் நாள் வருகின்றது. மரித்தோரை நினைந்து எல்லாரும் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும்போது, அவள் தன் மகனுக்காக ஏற்றுவதா, ஏற்றாது விடுவதா? இந்துத் தாய்க்கு ஆடி அமாவாசையும் சித்திரா பூரணையும் வருகின்றன. பெற்றோருக்கு விரதம் காக்கும் அந்நாட்களிலே, தந்தையைக் காணாத பிள்ளை நீர்க்கடன் செய்யலாமா? அவன் மனைவி நெற்றியிற் குங்குமம் இடலாமா? முஸ்லிம் பெண்ணுக்கு, கணவனின் ஜனாஸாத் தொழுகையும் இல்லை. இத்தா இருக்கத் தொடங்கும் நாளும் இல்லை. செய்தால், அவனைத் தானே கொன்றதுபோல் மனம் பதைக்கின்றது. செய்யாவிடின், கடன் தீராத குறை நெஞ்சை அரிக்கின்றது. மூன்று சமயத்துப் பெண்களும் வந்து நிற்கும் இடம் ஒன்றே.

இத்தகைய மனத்துயர், மனத்துயர் என்ற பெயரோடு வைத்தியரிடம் வருவதில்லை. தமிழ்ப் பெண் ஒருத்தி தனக்கு மனச்சோர்வு என்று கூறுவது அரிது. நெஞ்சு அடைக்கின்றது என்பாள். தலை விறைக்கின்றது என்பாள். உடம்பெல்லாம் உளைவு என்பாள். மேலும் வினவினால், ஒரே யோசனை என்று கூறிப் பெருமூச்செறிவாள். யோசனை என்னும் சொல் எமது நாட்டுப் பேச்சுவழக்கிலே கவலை என்ற பொருளையும் தாங்குவது. அச்சொல்லின் பின்னே சில வேளைகளில் இருபதாண்டு வரலாறு மறைந்திருக்கும்.

இதனை ஆய்வும் உறுதி செய்கின்றது. 1990 இல் வடக்கினின்றும் நீங்கிப் புத்தளத்தில் இருபதாண்டு வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே, செஸ்மல் சிறிவர்தன முதலான ஆய்வாளர் 2011 ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். வளர்ந்தோர் 450 பேரிடம் வினவி, 2013 இல் முடிவுகளை வெளியிட்டனர். பொதுவான மனநலக் குறைபாடு ஏதேனும் ஒன்று உடையோர் நூற்றுக்கு 18.8 பேர். இவற்றுள் முதலிடம் பெற்றது எது? மனத்துயர் உடல்நோவாக வெளிப்படும் நிலை. அது நூற்றுக்கு 14 பேரிடம் காணப்பட்டது. போரதிர்ச்சியின் பின்விளைவு என்று உலகெங்கும் பேசப்படும் நோயோ நூற்றுக்கு 2.4 பேரிடமே இருந்தது. மற்றொரு செய்தி இதனினும் முக்கியமானது. மனநலக் குறைபாட்டோடு நெருங்கிய தொடர்புடையனவாகக் காணப்பட்டவை தொழிலின்மை, கைம்மை அல்லது மணமுறிவு, உணவுக்கு உறுதியின்மை என்பனவாம். ஆகவே அடுப்பின் நிலையையும் மனத்தின் நிலையையும் வேறு வேறாக வைத்து நோக்குதல் இயலாது.

சமூகப்பணி என்னும் துறை தோன்றியதும் இவ்வுண்மையின்மேலேயாம். 1917 ஆம் ஆண்டில் மேரி றிச்மண்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, ஒரு குடும்பத்தின் இடர்ப்பாட்டை முறையாக அறியும் வழியைப் பெருநூலாக வகுத்தார். இலங்கையிற் சமூகப்பணிப் பயிற்சிக்கென நிறுவனம் தோன்றியது 1952 இல். அவ்வாண்டே சென்னையிலும் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப்பணிக் கல்லூரியை நிறுவினார். 1957 இல் பெலிக்ஸ் பீஸ்ரெக் என்னும் யேசுசபைக் குரு, பணியாளருக்கும் உதவி நாடுவோருக்கும் இடையே இருக்கவேண்டிய உறவுக்கு ஏழு நெறிகளைக் கூறினார். ஒவ்வொருவரையும் தனி மனிதராக மதித்தல், உள்ளத்தைத் திறந்து பேச இடமளித்தல், பணியாளர் தம் உணர்ச்சியை அடக்கி ஈடுபடுதல், உள்ளவாறே ஏற்றல், குற்றம் சாட்டாதிருத்தல், முடிவு செய்யும் உரிமையை அவரிடமே விடுதல், இரகசியம் காத்தல் என்பவை அவை. எழுதிப் படிப்பதற்கு இவை எளியன. ஓலைவேலிக்கு மறுபுறம் பேசுவது இப்புறம் கேட்கும் ஊரில் இவற்றைக் கடைப்பிடித்தல் எளிதன்று.

இவை நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதற்கு ஒரு வீட்டை மனத்திற் கொள்ளலாம். அது எந்த ஒரு குடும்பத்தின் கதையுமன்று. பல வீடுகளிற் காணும் நிலையை ஒன்றாகத் திரட்டியது.

கடற்கரையை அண்டிய சிறுவீடு. மூத்த மகன் 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னியிற் காணாமற்போனான். தாய்க்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இருவரும் உடன் வாழ்கின்றனர். மருமகன் கடற்றொழிலாளி. காற்றுக்காலத்திலே தொழில் இல்லை. தொழில் இல்லாத நாளில் மது உண்டு. வலை வாங்கப் பெற்ற நுண்கடனுக்கு வாரந்தோறும் தவணை கேட்டு வருகின்றார்கள். வீட்டுத்திட்டத்தில் வேறிடத்திலே காணி தருவதாகக் கூறியபோது தாய் மறுத்துவிட்டாள். மகன் திரும்பி வந்தால் பழைய வீட்டுக்கல்லவா வருவான் என்பது அவள் வாதம். சாத்திரம் பார்ப்பவர் ஒருவர், மகன் கிழக்குத் திசையில் உயிரோடு இருக்கிறான் என்று கூறினார். அதற்கென அவள் காதுத்தோட்டை அடகு வைத்தாள். நெஞ்சு நோவென்று பலமுறை வைத்தியசாலைக்குச் சென்றாள். இருதயத்திற் பழுதில்லை என்று அனுப்பினார்கள். மூத்த பேத்தி வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்கு வருவதில்லை.

இவ்வீட்டுக்குச் செல்லும் பணியாளர் எப்படிச் செல்லவேண்டும்? நிறுவனத்தின் பெயர் பொறித்த வாகனம் வாசலில் நின்றால், அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் ஒரு கதை பரவும். ஆகவே நடந்து செல்வது நன்று. கையிற் படிவக் கட்டோடு சென்று, முதல் நாளே காணாமற்போன மகனைப் பற்றிக் கேள்விமேற் கேள்வி கேட்பது நன்றன்று. அத்தாய் இதற்கு முன் எத்தனையோ ஆணைக்குழுக்களுக்கும் நிறுவனங்களுக்கும் அதே கதையைக் கூறி, படத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்தவள். கூறியும் பயனில்லை என்பது அவள் அனுபவம்.

முதல் நாளிலே நெஞ்சு நோவைப் பற்றிப் பேசலாம். கடனைப் பற்றிப் பேசலாம். அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்கு உடன் செல்லலாம். கடன் தவணையைக் குறித்து நியாயம் கேட்க வழிகாட்டலாம். இவை உளவளத்துணை ஆகுமா என்று கேட்போர் உண்டு. உலகின் பல நிறுவனங்கள் கூடி 2007 ஆம் ஆண்டிலே வகுத்த வழிகாட்டி, இத்தகைய உதவியை நான்கு படிகளாகக் காட்டுகின்றது. அடிப்படையில் உணவும் பாதுகாப்பும். அதன்மேற் குடும்பத்தினதும் ஊரினதும் ஆதரவு. அதன்மேற் பயிற்சி பெற்றவர் தனித்துத் தரும் துணை. உச்சியிலே சிறப்பு மருத்துவம். கீழ்ப்படி இல்லாது மேற்படியில் நிற்றல் இயலுமா?

சில வாரங்கள் சென்றபின் ஒருநாள், பணியாளர் கேளாமலே, அத்தாய் உள்ளத்தைத் திறக்கின்றாள். “பிள்ளை, என்ர மகன் இருக்கிறானோ இல்லையோ? நீ படிச்சனி, சொல்லு” என்கின்றாள்.

பயிற்சியின் பயன் முழுவதும் அவ்விடத்திலே சோதிக்கப்படுகின்றது. இருக்கிறான் என்றால் அது பொய். சாத்திரகாரர் கூறியதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. இறந்துவிட்டான், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றால், உறுதியாக அறியாத ஒன்றைக் கூறுவதோடு, அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பற்றுக்கோட்டையும் பறிப்பதாகும். பேச்சை மாற்றுவதோ அவளைத் தனியே விடுவதாகும். அனுபவமுள்ள பணியாளர் கூறும் விடை இவ்வாறிருக்கும்: “எனக்குத் தெரியாதம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லமாட்டன். அடுத்த வியாழக்கிழமை வாறன்.”

அவ்விடையில் மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது உண்மை. இரண்டாவது, அவள் காத்திருப்பது நோயன்று, அறியாமையுமன்று என்ற ஏற்பு. மூன்றாவது, மீண்டும் வருவேன் என்ற வாக்கு. சென்றவர் வராமையாற் சிதைந்த வீட்டுக்கு, சென்றவர் சொன்னபடி திரும்பி வருதலே முதல் மருந்து. வியாழக்கிழமை வருவதாகக் கூறியவர் வியாழக்கிழமை வரவேண்டும். மழையானால் மறுநாளாவது வந்து, வராமைக்குக் காரணம் கூறவேண்டும்.

போலின் பொஸ் தம் அனுபவத்தாற் கண்ட முடிவும் இதற்கு ஒத்தது. இத்தகைய துயருக்கு முடிவு தேடுதல் வீண். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்னும் இரண்டு எண்ணங்களையும் ஒருங்கே தாங்கியவாறு வாழ்க்கையை நடத்தும் வலிமையை வளர்த்தலே செய்யத்தக்கது. காத்திருப்பதைக் கைவிடும்படி எவரும் கூறவேண்டியதில்லை. காத்திருக்கும் காலத்திலும் சமைக்கலாம், உண்ணலாம், பேத்தியைப் படிக்க வைக்கலாம், திருவிழாவுக்குச் செல்லலாம் என்று அவ்வீடு தானே கண்டுகொள்ளவேண்டும்.

அதற்குத் தனியொரு பணியாளர் போதார். ஒத்த துயருடைய பெண்கள் பத்துப் பேர் மாதம் ஒருமுறை ஓரிடத்திற் கூடிப் பேசுவது பெரும் பயன் தரும். எனக்கு மட்டும் இவ்வாறு என்ற எண்ணம் அங்கே தளர்கின்றது. மகன் பிறந்தநாளில் அவனுக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து அயலிலுள்ள சிறுவருக்குக் கொடுக்கும் வழக்கத்தை ஒருத்தி கூறினால், மற்றவரும் தமக்கு ஏற்ற வழியைக் கண்டுகொள்வர். நவம்பர் மாதத்து மெழுகுதிரியை, மரித்தவனுக்கென்றல்ல, எங்கிருந்தாலும் இறைவன் காக்கவேண்டும் என்று ஏற்றலாமே என்று ஒரு குருவானவர் கூறினால், பல்லாண்டுச் சுமையில் ஒரு பகுதி இறங்கும். சமயப் பெரியார்களுக்கு இப்பணியிலே பெரும் பங்கு உண்டு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் இக்கருத்தை நெடுங்காலமாக வற்புறுத்தி வந்துள்ளார். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பம், ஊர் என்னும் கட்டமைப்புகளையும் காயப்படுத்தியது; ஆதலின் மருந்தும் ஊரளவிற் செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. மன அமைதிக்கான பயிற்சியை அவரவர் சமயத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவர் காட்டினார். இந்துக்களுக்கு மந்திர ஜெபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். மூன்றிலும் மூச்சு சீர்படுகின்றது, மனம் ஒருமைப்படுகின்றது. மூன்று சமயத்தவரும் வாழும் மன்னாருக்கு இதனினும் பொருத்தமான முறை வேறில்லை எனலாம்.

அரசின் சட்டமும் இவ்விடயத்திற் காலந்தாழ்த்தியேனும் ஒரு படி முன்னேறியது. முன்பு இக்குடும்பங்களின் முன் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று மரணச் சான்றிதழ் பெறுதல். மற்றொன்று ஒன்றும் பெறாதிருத்தல். கணவனின் பெயரிலுள்ள காணியையோ வங்கிக் கணக்கையோ கையாள மரணச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கையொப்பமிட மனம் ஒருப்படாது மறுத்த பெண்கள் பலர். 2016 ஆம் ஆண்டிலே சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழ் வழங்க வழி பிறந்தது. அவ்வாண்டே காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. பின்னர் மன்னாரிலும் அதன் பிராந்திய அலுவலகம் அமைந்தது. உண்மை கூறும் கடமை இதனாற் தீர்ந்துவிடவில்லை. அது இன்றும் நிற்கும் கடன். ஆயினும் ஒரு தாய் தன் மனச்சாட்சிக்கு மாறாகக் கையொப்பமிடாது வாழ வழி செய்தது, சட்டம் செய்த மனநல உதவி என்றே கொள்ளத்தக்கது.

ஊரும் சமயமும் நட்பும் ஆற்றக்கூடியவற்றுக்கு எல்லை உண்டு என்பதையும் கூறுதல் வேண்டும். இல்லாத குரல்கள் கேட்பதும், பிறர் தன்னைக் கொல்ல வருவதாக அஞ்சி வீட்டுக்குள் ஒளிப்பதும், வாரக்கணக்காக உண்ணாது உறங்காது கிடப்பதும், வாழ்ந்து என்ன பயன் என்று திரும்பத் திரும்பக் கூறுவதும் பேச்சினால் மட்டும் தீர்வனவல்ல. பேய்பிடித்தது என்று பார்வை பார்ப்பதிலே காலம் கழிந்தால் நோய் முற்றும். அத்தகையவரை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும். மருந்து பயன் தரும். தொடர்ந்து உண்டால் பலர் தொழிலுக்கும் திரும்புவர். முன்பு அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கினர். இன்று அந்நிலை மாறியுள்ளது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் அழைத்து உதவி கேட்கலாம். இறக்க எண்ணுகின்றாயா என்று ஒருவரிடம் அன்போடு நேரே கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டும் என்று அஞ்சுதல் தவறு. கேட்பதே பலரைக் காக்கும்.

மனநோயின் நிழலை முதலிற் காண்பது பெரும்பாலும் பாடசாலை. திங்கட்கிழமைகளிற் பேத்தி வராததற்குக் காரணம் சோம்பலன்று. முதல்நாள் இரவு தந்தையின் மதுவெறியால் வீட்டில் எவரும் உறங்கவில்லை. தவணைக்காரர் வரும் நாளிலே தாய் அயல்வீட்டுக்குச் சென்றுவிட, கதவைத் திறந்து பொய் கூறுவது அச்சிறுமியின் வேலையாகின்றது. ஏன் வரவில்லை என்று எல்லார் முன்னும் கடிந்து கேட்கும் ஆசிரியர் மற்றொரு பொய்யைப் பெறுவார். வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்கும் ஆசிரியர் உண்மையை அறிவார். அறிந்ததை ஆசிரியர் அறையிற் பேசாது, உரிய உத்தியோகத்தரிடம் மட்டும் கூறுதல் அவர் கடமை.

அச்சிறுமியின் தந்தையைப் பழிப்பது எளிது. அவனும் மனத்தால் வீட்டைவிட்டுச் சென்றவன் என்று எண்ணுதல் கடினம். போரிலே தொழிலும் படகும் இழந்து, முகாமில் வளர்ந்து, கடனில் வலை வாங்கிய அவனிடம் பேசுவதற்குப் பணியாளர் எவரும் சென்றதில்லை. உதவி செய்வோர் பகலில் வருகின்றனர். பகலிலே பெண்களே வீட்டில் உள்ளனர். ஆண்களைச் சந்திக்கவேண்டுமாயின், படகு கரையேறி வலை தெரியும் வேளையறிந்து கடற்கரைக்கே செல்லவேண்டும். மதுவை விடுவதற்கும் மருத்துவ உதவி உண்டு என்பதை அவன் அங்கேதான் கேட்டறிவான். அதேவேளை, அவன் கை மனைவிமேலோ பிள்ளைமேலோ ஓங்குமாயின், அவர்களின் பாதுகாப்பே முதலாவது. இரக்கம் அதற்குத் தடையாதல் கூடாது.

இனி, உதவி செய்வோரின் குறை ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. போருக்குப் பின் வடபகுதிக்கு உளவளத்துணை என்ற பெயரிற் பல திட்டங்கள் வந்தன. ஆறு மாதமோ ஓராண்டோ நடந்து, பணம் முடிந்ததும் அவை நின்றன. இளம்பெண் ஒருத்தி சில வாரப் பயிற்சியோடு அனுப்பப்பட்டாள். நாற்பது வீடுகளின் கண்ணீரைத் தனியே சுமந்தாள். அவளுடைய மனச்சுமையைக் கேட்பதற்கு எவரும் இல்லை. பின்னர் வேறு வேலை கிடைத்துச் சென்றாள். அவள்மேற் குற்றமில்லை. ஆனால் அந்தத் தாய் பல வியாழக்கிழமைகள் திண்ணையில் இருந்து அவளுக்காகவும் வழிபார்த்தாள். வழிபார்க்கும் வீட்டிலே வழிபார்க்கப்படுவோர் தொகையில் ஒருவர் கூடினார். உதவி என்று சென்று இதைச் செய்வதினும், செல்லாதிருத்தல் மேல்.

ஆகவே வேண்டப்படுவன பெரிய மாளிகைகளும் மாநாடுகளும் அல்ல. அவ்வூர்ப் பேச்சைப் பேசும், அவ்வூரிலேயே வாழும் பணியாளர் நிரந்தர நியமனத்தில் இருத்தல் வேண்டும். ஒருவர் கையில் ஒப்படைக்கும் குடும்பங்களின் தொகைக்கு எல்லை வேண்டும். அவர்களுக்கு மாதந்தோறும் அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரோடு அமர்ந்து தம் சுமையை இறக்கிவைக்க வாய்ப்பு வேண்டும். மாற்றலாகிச் செல்லவேண்டியிருப்பின், முன்கூட்டியே கூறி, அடுத்து வருபவரை அவ்வீட்டுக்கு அழைத்துச் சென்று, இனி இவர் வருவார் அம்மா என்று கைப்பிடித்துக் கொடுத்துச் செல்லவேண்டும். விடைபெறாது சென்றவர்களால் வருந்தும் வீட்டில், விடைபெற்றுச் செல்லுதலும் ஒரு சிகிச்சையாம்.

நேயர்களுட் சமூகப்பணியாளர் சிலராகவே இருப்பர். ஆயினும் இத்தகைய வீடு ஒன்று அவரவர் தெருவிலும் இருத்தல் கூடும். அவ்வீட்டுக்காரரிடம் மறந்துவிடுங்கள் என்று கூறாதிருத்தல் எவர்க்கும் இயலும். அவர் மகனின் பெயரைத் தயங்காது சொல்லி, அவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்டு, கூறுவதை இடைமறியாது செவிமடுத்தல் எவர்க்கும் இயலும். எழும்போது, மறுபடி வருகிறேன் என்று கூறினால், கூறிய நாளில் வருதல் வேண்டும்.